பள்ளத்தாக்குப் பயணம்: தாத்தாவின் முழங்காலும் பேரனின் மதியத் தூக்கமும்

அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்துக்குக் குடும்பத்தோடு போவதென்று முடிவானதும் எல்லோரும் முதலில் திறப்பது வரைபடத்தைத்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம், இரண்டு முறை. முதல் முறை மாமனார், மாமியாரோடு போனோம். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. இரண்டாம் முறை என் அப்பா, அம்மாவோடு. மகளுக்கு நான்கு வயது நெருங்கியிருந்தது, கூடவே ஒன்றரை வயது மகனும் இருந்தான். முதல் பயணத்தில் பார்த்த இடங்கள் ஏராளம். இரண்டாவதில் அதில் பாதிகூட இல்லை, ஆனால் அப்பா இன்றும் தொலைபேசியில் அந்தப் பயணத்தைப் பற்றியே பேசுகிறார். இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக, எங்கள் முன் இருந்த வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

என் அளவுகோல்கள் இரண்டே. பயணத்தில் எத்தனை முறை அறை மாற வேண்டும்? மதியம் குழந்தை தூங்கும் நேரத்தில், காரைத் தொடாமலே குடும்பம் இரண்டாகப் பிரிய முடியுமா?

அறை மாறுவதன் சுமை சிறு குழந்தைகளோடு பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். மடக்குத் தொட்டிலை மடக்க வேண்டும். பால் புட்டிகளைக் கழுவ வேண்டும். முந்தின இரவு துவைத்துக் குளியலறைக் கம்பியில் காயப்போட்ட சட்டைகளை, ஈரத்தோடானாலும், ஒரு பையில் திணிக்க வேண்டும். ரைஸ் குக்கரைத் துடைத்து வைக்க வேண்டும். மாமனாரின் மாத்திரைப் பெட்டி மேசை இழுப்பறையில் தங்கிவிடவில்லையே என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் காரில் ஏற்றி முடிக்கும்போது மணி பத்தரை ஆகிவிடும். பாலைவனத்தில் பத்தரை மணி என்றால் நாளின் நல்ல பொழுது போய்விட்டது என்று அர்த்தம். புது அறையில் முதல் இரவு குழந்தை சரியாகத் தூங்காது. அதே சுவருக்குள் படுத்திருக்கும் பெரியவர்களும் தூங்க மாட்டார்கள்.

மதியத் தூக்கத்துக்கு வருவோம். சின்னவன் பன்னிரண்டரைக்குத் தூங்கினால் இரண்டரைக்கு எழுவான். அந்த இரண்டு மணி நேரம் பெரியவர்கள் ஏன் அறையில் அடைந்து கிடக்க வேண்டும்? வாசலிலேயே இலவசப் பூங்கா பஸ் நின்றால் ஒருவர் குழந்தையோடு தங்கிக்கொள்ள, மற்றவர்கள் போய்வரலாம். பஸ் இல்லாத ஊரில் ஒரே காரை நம்பி ஆறு பேரும் சேர்ந்தே நகர வேண்டியிருக்கும்.

பெரிய வட்டம்

பலரும் போடும் திட்டம் இது. லாஸ் வேகஸில் இறங்கி, யூட்டா மாநிலத்தின் ஸயான், பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காக்கள், அரிசோனாவின் பேஜ் என்ற ஊர், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு என்று சுற்றி மீண்டும் லாஸ் வேகஸ் வருவது. வேகஸிலிருந்து ஸயான் 160 மைல், அங்கிருந்து பிரைஸ் 85, பிரைஸிலிருந்து பேஜ் சுமார் 150, பேஜிலிருந்து தெற்கு விளிம்பு சுமார் 135, திரும்பும் வழி 280. மொத்தம் எண்ணூறு மைலுக்கு மேல். ஏழு நாளில் போனால் நான்கு முறையாவது அறை மாற வேண்டும்.

மாமனார், மாமியாரோடு நாங்கள் போனது இந்த வழிதான். இளம் தம்பதிக்கு இதைவிட நல்ல திட்டம் கிடையாது, அதை மனதாரச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு மூன்றாம் நாளே அலுப்புத் தட்டிவிட்டது. நேரக் கணக்கும் சேர்ந்து படுத்தியது. நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழையும்போது ஒரு மணி நேரம் போய்விடுகிறது. அரிசோனா கோடைகால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ பழங்குடி நிலம் பின்பற்றுகிறது. பேஜ் நகரம் அரிசோனா நேரத்தில் ஓடுகிறது. எங்கள் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடித்ததோ, ஒரு மணி நேரம் கூடுதலாகவே காட்டிக்கொண்டிருந்தது. தூங்கிய குழந்தையை எழுப்பி, அவசர அவசரமாகக் கிளம்பி, முன்பதிவு செய்த சுற்றுலாவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் வெயிலில் நின்றோம். அந்தப் பகுதிக்குப் போகிறவர்கள் கைபேசியின் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, அரிசோனா நேரத்தைக் கையால் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தச் சுற்றுலா ஆண்டெலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்குக்கு. நவஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. கீழ்ப் பகுதியில் செங்குத்தான இரும்பு ஏணிப்படிகள் உண்டு. கையில் குழந்தையோடு அதில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேல் பகுதிக்குள் தரைமட்டமாகவே நடக்கலாம், ஆனால் தள்ளுவண்டி செல்லாது. பாறை இடுக்குகளில் மழை வெள்ளம் எப்படி வரும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1997 ஆகஸ்ட் 12 அன்று, பல மைல் தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் கீழ் ஆண்டெலோப்பில் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். வழிகாட்டி சுற்றுலாவை ரத்து செய்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் அருகில்தான், பேஜ் நகராட்சியின் பொறுப்பில் இருக்கிறது. வண்டி நிறுத்தக் கட்டணம் 10 டாலர். தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. போக வர ஒன்றரை மைல் நடை, வழியில் மரம் என்று ஒன்று கிடையாது. தடுப்புக் கம்பி விளிம்பின் ஒரு பகுதியில் மட்டுமே உண்டு. மாமியார் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். அவரோடு என் கணவர் தங்க, குழந்தையைச் சுமந்துகொண்டு நானும் மாமனாரும் போய் ஐந்து நிமிடம் பார்த்துத் திரும்பினோம்.

பத்து இரவுகள் கையில் இருந்தால் பெரிய வட்டத்தை யோசிக்கலாம். ஏழு இரவுக்கு வேண்டாம்.

ஸயானிலேயே தங்குவது

வேகஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வாசலில் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரே அறை, நான்கைந்து இரவு. மார்ச் முதல் நவம்பர் வரை பள்ளத்தாக்கின் உள்சாலையில் சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை, இலவச ஷட்டில் பஸ்கள்தான் ஓடுகின்றன. முதலில் இதைத் தடையாக நினைத்தோம். உண்மையில் இந்த ஊரின் பெரிய வசதியே இதுதான். கார் சீட் மாட்டும் வேலை இல்லை. தள்ளுவண்டியை மடக்கி ஏறினால் போதும். களைத்தவர் களைத்த இடத்தில் திரும்பிவிடலாம்.

குழந்தைகளுக்கு இந்த நான்கு வழிகளில் மிகச் சிறந்தது ஸயான். கிராண்ட் கேன்யனில் பார்வை கீழ்நோக்கிப் போகிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்த ஆழம் ஒரு பொருட்டே இல்லை. ஸயானில் நாம் பள்ளத்தாக்கின் அடியில் நிற்கிறோம், பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது, கூழாங்கல்லும் மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பாருஸ் நடைபாதை முழுக்கத் தளம் போட்டது, தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் தொடங்கும் ஆற்றோர நடைபாதை போக வர இரண்டு மைலுக்குச் சற்று அதிகம். அதன் முதல் பகுதி சமதளம், அதற்கு மேல் சக்கர நாற்காலியைத் தள்ளுவது சிரமம்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஸயானில் ஓடும் வெர்ஜின் ஆற்றில் நச்சுத்தன்மை கொண்ட நீலப்பச்சைப் பாசி 2020 முதல் கண்டறியப்பட்டு வருகிறது. தண்ணீரைக் குடிக்கக் கூடாது, தலை மூழ்கக் கூடாது என்பது பூங்காவின் அறிவுரை. எதைக் கண்டாலும் வாயில் வைக்கும் வயதில் இதன் பொருள் தெளிவு: ஆற்றங்கரையில் உட்கார்ந்து மணலில் விளையாடலாம், நனைந்த கல்லை வாயில் வைக்க விடக்கூடாது. போகும் வாரத்தின் நிலவரத்தைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் சுமார் 4,000 அடிதான், மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர்களுக்கு இது நிம்மதி. ஜூலையில் பகல் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுவது சாதாரணம், அதாவது 38 டிகிரி செல்சியஸ். பிரைஸுக்கு ஒரு நாள் போய் வரலாம், போக இரண்டு மணி, வர இரண்டு மணி. அங்கே சன்செட் பாயின்ட்டுக்கும் சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் இடையில் அரை மைல் தளம் போட்ட பாதை உண்டு. தாத்தா பாட்டி அதில் மெல்ல நடந்தாலே அந்தச் செம்பாறைத் தூண்களின் முழு அழகையும் பார்த்துவிடலாம். பிரைஸின் விளிம்பு 8,000 அடிக்கு மேல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மோவாப்

யூட்டாவில் உள்ள இந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சால்ட் லேக் சிட்டியிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்கள் இரண்டும் பக்கத்தில். ஒரே ஊரில் தங்கலாம், காரிலிருந்து இறங்கிச் சில அடி நடந்தாலே பார்க்கும்படி பல இடங்கள் உண்டு. டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவின் காட்சிமேடை பெரியவர்களுக்கு எளிது. ஆனால் பூங்காக்களுக்குள் ஷட்டில் பஸ் கிடையாது. என் இரண்டாவது அளவுகோலில் தோற்றுவிடுகிறது. இரண்டு கார், இரண்டு ஓட்டுநர் இருக்கும் பெரிய குடும்பம் என்றால் இதை முதலிடத்துக்குக்கூடக் கொண்டுவரலாம்.

செடோனாவும் தெற்கு விளிம்பும்

அப்பா, அம்மாவோடு நாங்கள் தேர்ந்தெடுத்தது இது. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் செடோனா என்ற ஊர், மூன்று இரவு. அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு, மூன்று இரவு. அறை மாற்றம் ஒரே ஒருமுறை. மொத்தச் சாலைத் தூரம் 460 மைல்.

செடோனாவில் முதலில் தங்குவதற்குக் காரணம் உயரம். செடோனா 4,300 அடியை ஒட்டியது, தெற்கு விளிம்பு 7,000 அடி, கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. விமானத்திலிருந்து இறங்கி அன்றே ஏழாயிரம் அடிக்குக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. கிளம்பும் முன் மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டோம். செடோனாவிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு ஓக் க்ரீக் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் 89ஏ சாலை அழகானது, முடிவில் கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும். பின்சீட்டில் வாந்தி எடுக்கும் குழந்தை இருந்தால் 17ஆம் எண் நெடுஞ்சாலையே மேல்.

தெற்கு விளிம்பில் கிராமம் என்று அழைக்கப்படும் பகுதிக்குள்ளேயே தங்கினோம். அந்த முடிவுதான் பயணத்தைக் காப்பாற்றியது. இரண்டாம் நாள் மதியம் சின்னவன் தூங்கினான், கணவர் அறையில் இருந்தார். நானும் மகளும் அப்பா, அம்மாவும் பஸ் ஏறி, யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்தில் இறங்கினோம். அங்கிருந்து தொடங்குகிறது காலத்தின் பாதை. தளம் போட்ட, பெரும்பாலும் சமமான நடைபாதை. தரையில் மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி. ஒரு மீட்டர் பத்து லட்சம் ஆண்டைக் குறிக்கிறது. பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்த பாறைகளை வழியெங்கும் நிறுத்தியிருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். மகள் ஒவ்வொரு பாறைக்கும் ஓடிப்போய் இரண்டு கையையும் வைத்து, "தாத்தா, இது சூடு", "தாத்தா, இது வழவழ" என்று அறிவித்துக்கொண்டே போனாள். அப்பா அவள் பின்னால் பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நடந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் பாறைக்கு விஷ்ணுவின் பெயர், வயது 170 கோடி ஆண்டுக்கு மேல். எதிரே உயர்ந்து நிற்கும் பாறைச் சிகரங்களில் ஒன்று விஷ்ணு கோயில், ஒன்று சிவன் கோயில். 19ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் வைத்த பெயர்கள். அம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, எது விஷ்ணு கோயில் என்று காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் எழுந்துவிட்டான் என்று கணவர் குறுஞ்செய்தி அனுப்பும்வரை யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இந்த இடத்தின் குறை பெரியது. விளிம்பின் பெரும்பகுதியில் தடுப்பு கிடையாது. முக்கியமான காட்சிமேடைகளில் கம்பி இருக்கும். இரண்டு மேடைகளுக்கு நடுவில் இருக்காது. சின்னவனை விளிம்பருகே கீழே இறக்கவே இல்லை, முதுகுத் தூளியிலோ தள்ளுவண்டியிலோதான். மகளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும்போது "நான் பிடித்துக்கொண்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே முதலாமவர் கையை விட வேண்டும் என்று விதி வைத்தோம். நான்கு பெரியவர்கள் கூடவே இருக்கும்போது, மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைப்பதுதான் ஆபத்து. அந்தப் பொறுப்பைத் தாத்தா பாட்டியிடம் ஒருபோதும் கொடுக்கவில்லை. பாசம் எவ்வளவு இருந்தாலும், திமிறும் நான்கு வயதைப் பிடித்து நிறுத்தும் வலு எழுபது வயதுக் கைக்கு இருக்காது.

ஹெர்மிட் சாலை மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டிகளுக்கு மூடப்பட்டிருக்கும். சிவப்புத் தட பஸ் ஓடும். நடக்கச் சிரமப்படுபவர் உடன் இருந்தால் நுழைவாயிலிலேயே கேட்டு ஒரு சிறப்பு அனுமதிச் சீட்டு வாங்கலாம், அதைக் காட்டி சொந்தக் காரிலேயே அந்தச் சாலையில் போகலாம். அம்மாவுக்காக வாங்கினோம். மாலையில் கூட்டம் நிறைந்த பஸ்ஸில் அவர் நிற்க நேராமல் போனதற்கு அந்தச் சீட்டே காரணம்.

ரயிலையும் யோசித்தோம். வில்லியம்ஸ் என்ற ஊரிலிருந்து தெற்கு விளிம்புக்கு 1901 முதல் பாதை உண்டு. பயணம் இரண்டேகால் மணி நேரம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், கார் சீட் இல்லாமல் மடியில் உட்காரலாம், எழுந்து நடக்கலாம். ஆனால் அன்றே திரும்பும் டிக்கெட்டில் விளிம்பில் கிடைப்பது நண்பகலை ஒட்டிய நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. சரியாகத் தூக்க நேரம், சரியாக வெயில் நேரம். ரயிலில் போவதானால் அங்கே ஓர் இரவாவது தங்கி மறுநாள் திரும்புங்கள்.

வேகஸிலிருந்து நெருக்கம் என்று சிலர் கிராண்ட் கேன்யன் வெஸ்ட்டுக்கு முன்பதிவு செய்துவிடுகிறார்கள். கண்ணாடி நடைமேடை இருக்கும் அந்த இடம் ஹுவாலபாய் பழங்குடியினருடையது, தேசியப் பூங்காவின் பகுதி அல்ல, தனிக் கட்டணம். வடக்கு விளிம்பில் இருந்த பழைய தங்கும் விடுதி 2025 ஜூலைக் காட்டுத்தீயில் அழிந்துவிட்டது. முதியவர்களோடு போக அதை இப்போதைக்கு நான் எண்ணமாட்டேன்.

வண்டி

மினிவேன். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. முதல் பயணத்தில் மினிவேன் பதிவு செய்திருந்தோம், வாடகை நிறுவனம் அதற்குப் பதில் உயரமான எஸ்யூவி ஒன்றைக் கொடுத்தது. மாமியார் அதில் ஏற முடியவில்லை. வழியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கினோம். ஏழு நாளும், ஒவ்வொரு நிறுத்தத்திலும், மாமனார் அதைக் கீழே போட்டு அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மினிவேனின் தளம் தாழ்வானது, கதவு பக்கவாட்டில் சறுக்கித் திறக்கிறது. நடுவரிசையில் தனித்தனி இருக்கைகள் இருந்தால் இரண்டு கார் சீட்டையும் அங்கே மாட்டிவிட்டு, நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகப் பின்வரிசைக்குப் போகலாம். பல எஸ்யூவிகளில் கார் சீட் மாட்டிவிட்டால் நடு இருக்கையைச் சாய்க்க முடியாது, பின்னால் இருப்பவர் சிறைப்பட்டது போலத்தான். முன்சீட்டை முழங்கால் வலி உள்ளவருக்குக் கொடுங்கள், பின்வரிசைக்குப் பெற்றோரில் ஒருவர் போகட்டும்.

படுக்கையோடு கூடிய ஆர்வி வண்டி அறை மாற்றத்தை அறவே ஒழித்துவிடும் என்பதால் அதையும் நேர்மையாகக் கணக்கில் எடுத்துப் பார்த்தேன். கார் சீட்டை முன்நோக்கிய, முறையான பெல்ட் உள்ள இருக்கையில் மட்டுமே மாட்டலாம். சாப்பாட்டு மேசையோரத்துப் பக்கவாட்டு இருக்கையில் மாட்டக் கூடாது. குளிர்சாதனம் ஓட மின் இணைப்புள்ள முகாம் வேண்டும். தெற்கு விளிம்பில் ட்ரெய்லர் வில்லேஜில் அது உண்டு, மேதர் முகாமில் இல்லை. நடு இரவில் குறுகிய படியில் இறங்கும் அப்பாவை நினைத்ததும் விட்டுவிட்டேன்.

பருவமும் கட்டணமும்

ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். பெற்றோர் அமெரிக்காவுக்கு ஆறு மாதம் தங்க வருகிறார்கள் என்றால் பயணத்தை நடுவில் வரும் கோடை விடுமுறைக்குத் தள்ளாமல், வந்த முதல் மாதத்தின் பிற்பாதியிலோ கிளம்பும் மாதத்திலோ வையுங்கள். விளிம்பில் ஏப்ரல் இரவும் அக்டோபர் இரவும் உறைநிலையை நெருங்கும். ஸ்வெட்டரும் குல்லாயும் கட்டாயம்.

2026 ஜனவரி 1 முதல் தேசியப் பூங்காக்களின் கட்டண விதிகள் மாறியிருக்கின்றன. ஆண்டு பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250. ஆண்டு பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவர், 16 வயது நிறைந்தவர் என்றால், 11 பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். கிராண்ட் கேன்யன், ஸயான், பிரைஸ் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 62 வயது நிறைந்தவர்களுக்கான முதியோர் பாஸ் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களுக்குத்தான். சுற்றுலா விசாவில் வந்த அப்பா, அம்மாவுக்குக் கிடைக்காது. பலர் இதை வாயிலில் வந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் அவர்களை இந்தப் பயணத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். தெற்கு விளிம்பிலிருந்து பெரிய மருத்துவமனை உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் 80 மைல்.

தெற்கு விளிம்புக்குள் இருக்கும் விடுதிகளுக்கு 13 மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடுகிறது. விசா வரும்வரை காத்திருந்தால் அறை கிடைக்காது. ரத்து விதிகளைப் படித்துவிட்டு முதலில் அறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தரைத்தளத்தில் வேண்டும் என்று அப்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். நாங்கள் தங்கிய அறையும் யாரோ ரத்து செய்து விட்டுக்கொடுத்ததுதான்.